கோஹா, ஜோட்டெரோ, ப்ராக்ஸி: பேராசிரியர் மேசையில் புதிய நூலகத் தொழில்நுட்பம் தேறுகிறதா?

பல்கலைக்கழக நூலகம் புதிய மென்பொருளுக்கு மாறிய வாரத்தில் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போகும். கேட்டலாக் இனி இணையத்திலேயே கிடைக்கும், வீட்டிலிருந்தே ஜர்னல் படிக்கலாம், மேற்கோள்களைச் சேர்த்துவைக்க இலவச மென்பொருள் உண்டு என்று அதில் இருக்கும். மூன்றும் உண்மைதான். தனித்தனியே மூன்றும் ஒழுங்காக ஓடவும் செய்யும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற இடத்தில்தான் கால் இடறும். கேட்டலாகில் சரியாக இருந்த புத்தகம் துணைநூற்பட்டியலுக்கு வரும்போது பதிப்பாசிரியரைத் தொலைத்திருக்கும். அலுவலக அறையில் திறந்த கட்டுரை ராத்திரி வீட்டில் காசு கேட்கும். ‘இந்த வயசுக்கு மேல இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று மூத்த பேராசிரியர் ஒதுங்குவது பெரும்பாலும் இந்த மூட்டுகளில்தான். வயசுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. இளையவர்களும் அதே இடத்தில்தான் விழுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

இங்கே பார்ப்பது பல இடங்களில் புழங்கும் ஒரு கூட்டணி: கேட்டலாகுக்கு கோஹா, மேற்கோளுக்கு ஜோட்டெரோ, வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய ஈஸிப்ராக்ஸி அல்லது நிறுவன லாகின். ஜோட்டெரோவைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கோஹா நல்ல மென்பொருள், ஆனால் நூலகர் அதை எப்படி அமைத்திருக்கிறார் என்பதில்தான் அதன் பாதி குணம் இருக்கிறது. ப்ராக்ஸி, வேறு வழியில்லாததால் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

கேட்டலாக்: கோஹா

நியூசிலாந்தில் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது கோஹா. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000 என்ற ஆண்டு எண்ணைத் தாங்காது என்ற கவலையில் பிறந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் பரிசு. மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும் அதைப் பராமரிக்கிற ஆளுக்கும்தான் செலவு. புதிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரும் வரும். பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 24.11 என்றால் 2024 நவம்பர். நூலகம் மேம்படுத்திய மறுநாள் பட்டன்கள் இடம் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். பழைய கையேட்டில் உள்ள திரைக்காட்சிப் படங்கள் இப்போதைய திரையோடு ஒத்துப்போகாததற்கும் காரணம் இதுதான்.

ஆசிரியர்கள் அதிகம் ஏமாறும் இடம் கார்ட். தேடலில் கிடைத்த நாற்பது புத்தகத்தைப் பொறுக்கி கார்ட்டில் போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்து பார்த்தால் காலி. கோஹாவின் கார்ட் அந்த அமர்வுக்கு மட்டும்தான். பிரவுசரை மூடினாலோ லாக் அவுட் செய்தாலோ போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் லாகின் செய்துவிட்டு ‘லிஸ்ட்’டில் சேமிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு லிஸ்ட், ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். தனிப்பட்ட லிஸ்ட்டை வேறொருவருக்கு மின்னஞ்சல் வழியே பகிரலாம். பொது லிஸ்ட்டாக வைக்க நூலகம் அனுமதித்திருந்தால் மாணவர்கள் லாகின் இல்லாமலே பார்ப்பார்கள். கார்ட்டாக இருந்தாலும் லிஸ்ட்டாக இருந்தாலும், மேற்கோள் மென்பொருள் நேராகப் படிக்கும் ஆர்ஐஎஸ் அல்லது பிப்டெக்ஸ் கோப்பாக இறக்கலாம். இந்த இறக்கும் வசதியைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேர் தட்டச்சு செய்யாமல் தப்பித்திருப்பார்கள்.

அடுத்தது தேடல். பெட்டியில் எதையாவது தட்டினால் கோஹா எல்லாப் புலங்களிலும் தேடும். குறிப்பான ஒரு நூலைத் தேடும்போது பக்கத்து மெனுவில் ‘தலைப்பு’ என்று மாற்றிவிட்டு, தலைப்பில் அபூர்வமான இரண்டு சொல்லை மட்டும் கொடுப்பதே வேகமான வழி. முழுத் தலைப்பையும் தட்டுவது வீண். ஓர் எழுத்து மாறினாலும் முடிவு பூஜ்யம்.

தமிழ் நூல்களுக்கு வந்தால் கதை வேறு. அலமாரியில் இருக்கிற புத்தகம் கேட்டலாகில் வராமல் போவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. முதலாவது, பதிவே தமிழில் இல்லாமல் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து ஏறியிருக்கும். நூலகப் பதிவுகளை எழுதும் பொது வடிவமான மார்க் 21 அமைப்பில் 880 என்ற புலம் மூல எழுத்துக்காகவே இருக்கிறது. அதை நிரப்பியிருந்தால் இரண்டு வழியிலும் புத்தகம் சிக்கும், காலியாக விட்டிருந்தால் ரோமன் எழுத்தில் மட்டும்தான். இரண்டாவது, கோஹாவை நிறுவும்போது தேடல் எந்திரத்துக்கு, பல மொழி எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் ஐசியூ முறையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆங்கிலப் பதிவுகளுக்குப் பிரச்சினையே தெரியாது. தமிழ்ச் சொற்கள் மட்டும் துண்டு துண்டாக உடைந்து தேடலில் வழுக்கும். பின்னால் மாற்றலாம், ஆனால் மொத்தக் கேட்டலாகையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். பயனரால் ஆகாத வேலை. நூலகரிடம் ‘ஐசியூவா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அவருக்குப் புரியும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வுக்குப் பின் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், நல்ல மென்பொருள் ஒன்றாக்கிவிடும். ‘கௌ’ விஷயம் அப்படியில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ என்ற எழுத்துமே உட்கார்ந்திருக்கும். பார்க்க ‘கௌ’தான், எந்திரத்துக்கு அது வேறு சொல். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியேற்றம் உண்டு, அதுவும் இதே தொல்லை. எனவே ‘கௌ’வும் ‘ஸ்ரீ’யும் உள்ள தலைப்பு கிடைக்கவில்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தலைப்பின் வேறொரு சொல்லால் தேடுங்கள். புத்தகம் கிடைத்ததும் அந்தப் பதிவின் எண்ணை நூலகருக்கு அனுப்பினால் அவர் திருத்திவிடுவார். ‘உங்க கேட்டலாக்ல தமிழே வேலை செய்யல’ என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது.

கோஹாவில் ஆசிரியர்களுக்காகவே இருக்கும் அம்சம் பாட ஒதுக்கீடு. எண்பது மாணவர், மூன்று பிரதி என்ற நிலைமைக்கு இதுதான் மருந்து. துறை, பாட எண், பருவம், பாடத்தின் பெயர், நடத்துபவர் பெயர், ஒதுக்க வேண்டிய பிரதிகளின் பார்கோடு இவற்றை நூலகருக்குக் கொடுத்தால், அவர் அந்தப் பிரதிகளின் கடன் வகையையும் அலமாரி இடத்தையும் தற்காலிகமாக மாற்றுவார். பதினைந்து நாள் கடனில் போன புத்தகம் இரண்டு மணி நேரக் கடனுக்கு வந்துவிடும். ஆசிரியர் தானே இதைச் செய்ய முடியாது, பணியாளர் அனுமதி வேண்டும். இதில் வரும் கோளாறு பருவம் முடிந்த பிறகுதான். அந்தப் பாடத்தை நூலகர் முடக்கினால்தான் புத்தகம் பழைய நிலைக்குத் திரும்பும். யாரும் சொல்லாமல் விட்டால் விடுமுறையிலும் அது இரண்டு மணி நேரப் புத்தகமாகவே கிடக்கும். ஒதுக்கீட்டுக் கடிதத்திலேயே முடிவுத் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது. இன்னொன்று: ஒதுக்கும் நேரத்தில் புத்தகம் வேறொருவர் கடனில் இருந்தால் பட்டியலில் பெயர் இருக்கும், அலமாரியில் புத்தகம் இருக்காது. பருவம் தொடங்க மூன்று வாரம் முன்பே கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

சின்னச் சின்ன அமைப்புகள் சில. ‘செய்தி அமைப்புகள்’ பக்கத்தில் கெடு நெருங்கும் எச்சரிக்கை எத்தனை நாள் முன்பு வர வேண்டும் என்று வைக்கலாம். பக்கத்திலேயே ‘தொகுப்பாக மட்டும்’ என்ற கட்டம் இருக்கும், அதை டிக் செய்யாவிட்டால் முப்பது புத்தகத்துக்கு முப்பது மின்னஞ்சல் வரும். பிறகு எல்லாமே ஸ்பாம் பெட்டிக்குப் போய், உண்மையான கெடு அறிவிப்பும் சேர்ந்து தொலையும். நீட்டிக்கும் பட்டன் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் வேறொருவர் அந்தப் புத்தகத்துக்கு முன்பதிவு போட்டிருப்பார். நூலகம் வாசிப்பு வரலாற்றைத் திறந்துவைத்திருந்தால் அதன் தனியுரிமை அமைப்பில் ‘என்றென்றும்’, ‘இயல்பு’, ‘ஒருபோதும் வேண்டாம்’ என மூன்று தேர்வு இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் புத்தகத்தைத் திருப்பியதும் பதிவும் போய்விடும். ‘போன வருஷம் எடுத்தேனே, பேர் ஞாபகம் இல்லை’ என்று பின்னால் தேட வாய்ப்பில்லை.

புத்தகம் வாங்கப் பரிந்துரைக்கும் படிவம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஐஎஸ்பிஎன்னைச் சேர்த்துக் கொடுத்தால் தவறான பதிப்பு வராது. பரிந்துரை எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். துறை எழுத்தரிடம் கடிதம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததை நினைத்தால் இது பெரிய விடுதலை.

தானாகப் புத்தகம் எடுக்கும் எந்திரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நூல்களில் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி சில்லுகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்குபவை. ஐந்தாறு மெல்லிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சில்லுகள் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று மறைத்துவிடும். எந்திரம் நான்கைத்தான் எண்ணும், ஐந்தாவதோடு வாசலைத் தாண்டும்போது மணி அடிக்கும். அட்டையில் உலோகத் தாள் பூச்சு இருந்தாலும் இப்படித்தான். கொஞ்சம் விலக்கி வைத்து, திரையில் தெரியும் எண்ணிக்கையைக் கையில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு நகருங்கள்.

வெளியிலிருந்து நுழைவது: ப்ராக்ஸி

மூன்றில் இதுதான் பொறுமையைச் சோதிப்பது. முதல் குழப்பம் பாஸ்வேர்டில். பதிப்பக இணையதளத்தில் சொந்தமாகத் திறந்த கணக்கு வேறு, நிறுவனச் சந்தா வேறு. சொந்தக் கணக்கில் லாகின் செய்தால் தேடலைச் சேமிக்கலாம், விழிப்பூட்டல் வாங்கலாம், கட்டுரை திறக்காது. ‘லாகின் பண்ணிட்டேன், ஆனாலும் காசு கேக்குது’ என்ற புகாரைக் கிளறினால் பல நேரம் இதுதான் கிடைக்கும். ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்ற தனி லிங்க்கைத் தேடி, பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழக மின்னஞ்சலின் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அப்படிப் பெயர் பட்டியலில் இல்லையென்றால் நூலகம் ஈஸிப்ராக்ஸி முறையில் இருக்கலாம். அங்கே நுழைவு நூலக இணையதளத்தின் வழியாக மட்டும்தான்.

ஈஸிப்ராக்ஸி செய்வது எளிய தந்திரம். நடுவில் நின்று, கட்டுரை இணையதளத்தின் முகவரியை நூலகத்தின் முகவரியாக மாற்றி எழுதிக்கொள்கிறது. பதிப்பகத்துக்கு வளாகத்தின் உள்ளேயிருந்து யாரோ படிப்பதுபோலத் தெரியும். எந்தெந்த இணையதளத்துக்கு இப்படிச் செய்யலாம் என்ற பட்டியல் ஓர் அமைப்புக் கோப்பில் இருக்கும். பதிப்பகம் தன் தளத்தை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, நூலகம் அந்தக் கோப்பைப் புதுப்பிக்காமல் இருந்தால், நேற்று வரை திறந்தது இன்று பிழைப் பக்கம் காட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு தள முகவரி இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து நூலகருக்கு அனுப்புங்கள். ஒரு வரி சேர்க்கிற வேலை, சொன்னால் சீக்கிரம் முடியும்.

அமர்வு நேரம் இன்னொரு வம்பு. இயல்பான அமைப்பில் 120 நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடும். பாதி படித்த கட்டுரையின் அடுத்த பக்கம் திடீரென்று லாகின் திரைக்குப் போவது இதனால்தான். படிக்க உட்காரும்போதே பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டால் இந்த எரிச்சல் இல்லை.

லிங்க் பகிர்வதில்தான் பேராசிரியர்கள் மாணவர்களையும் சேர்த்துச் சிக்கவைக்கிறார்கள். பிரவுசர் பட்டையில் உள்ள முகவரியை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது அந்த நேரத்து ப்ராக்ஸி வழியாக மாற்றி எழுதப்பட்ட முகவரி. வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் சக ஆய்வாளருக்குத் திறக்கவே திறக்காது. சொந்த மாணவருக்கும் சில நேரம் பிழை காட்டும். வெளியாருக்குக் கொடுக்க வேண்டியது கட்டுரையின் டிஓஐ எண், அதாவது ‘10.’ என்று தொடங்கும் அடையாளம். மாணவர்களுக்கான பாடப் பக்கத்தில் போடுவதானால் நூலகத்தின் ப்ராக்ஸி முன்னொட்டை டிஓஐ லிங்க்குக்கு முன்னால் ஒட்டிக் கொடுங்கள்; மாணவர் அழுத்தியதும் முதலில் லாகின், பிறகு கட்டுரை. முன்னொட்டு ஒரே வரிதான், நூலகரிடம் கேட்டு ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். டிஓஐ தளமே ப்ராக்ஸியின் பட்டியலில் சேர்ந்திருந்தால்தான் இது வேலை செய்யும், அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கூகுள் ஸ்காலரில் தேடுகிறவர்கள் அதன் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்ற பகுதிக்குப் போய்த் தங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நூலகம் வரை சேர்க்கலாம். நூலகம் தன் சந்தா விவரத்தை கூகுளுக்குக் கொடுத்திருந்தால், முடிவுக்குப் பக்கத்தில் நூலக லிங்க் தெரியும். ‘முழு உரை உண்டு’ என்று காட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் பூட்டியிருப்பதும் நடக்கும். சில தொகுப்புகளில் கடைசி சில ஆண்டு இதழ்கள் விலக்கப்பட்டிருக்கும். ஜர்னல்களின் மின் காப்பகமான ஜேஸ்டோரில் பல ஜர்னல்களுக்கு இப்படி மூன்று முதல் ஐந்து ஆண்டு இடைவெளி உண்டு. 1985ஆம் ஆண்டுக் கட்டுரை திறக்கும், போன வருடத்தது திறக்காது. மென்பொருளில் பிழை இல்லை, சந்தாவின் எல்லை அவ்வளவுதான்.

மேற்கோள்: ஜோட்டெரோ

ஜோட்டெரோ 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையத்தில் உருவானது. இலவசம், மூலநிரல் திறந்தது. 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளேயே படித்துக் கோடு போடலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஏழாம் பதிப்பு இபப் என்ற மின்னூல் கோப்பையும் சேர்த்துக்கொண்டது. இதே வேலை செய்யும் மற்ற மென்பொருள்களில் எண்ட்நோட் காசு கொடுத்து வாங்கினால்தான், மெண்டலே எல்சவியர் நிறுவனத்தின் கையில். சந்தா நின்றாலும் நிறுவனம் மாறினாலும் கூடவே வரக்கூடியது எது என்று பார்த்தால் தேர்வு கடினமில்லை.

நிறுவ இரண்டு துண்டு: கணினியில் ஜோட்டெரோ, பிரவுசரில் அதன் இணைப்பான். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ‘வேலை செய்யலை’ என்பவர்கள் நிறைய. வேர்டு திறந்திருக்கும்போது நிறுவினால் வேர்டுக்கான செருகி சில நேரம் ஏறாது. வேர்டை மூடிவிட்டு அமைப்புகளில் ‘மேற்கோள்’ பகுதிக்குப் போய் மறுபடி நிறுவுங்கள்.

இணைப்பானின் பட்டனை அழுத்தும் முன் ஒரு நொடி அதன் படத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறு குறையும். கோஹாவில் ஒரு நூலின் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் படம் புத்தக வடிவில் மாறும். கட்டுரைப் பக்கத்தில் தாள் வடிவம். தேடல் முடிவுப் பக்கத்தில் கோப்புறை வடிவம், அழுத்தினால் எதெது வேண்டும் என்று பட்டியல் கேட்கும். சாம்பல் நிறத்தில் வெறும் பக்கம்போல இருந்தால் ஜோட்டெரோவுக்கு விவரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அழுத்தினால் ‘இணையப் பக்கம்’ என்றுதான் சேமிக்கும், நூலாசிரியர் பெயர் இருக்காது. அந்த நேரத்தில் மென்பொருளில் மந்திரக்கோல் படத்தை அழுத்தி ஐஎஸ்பிஎன்னையோ டிஓஐயையோ ஒட்டுவதே நல்லது.

கேட்டலாகிலிருந்து எடுத்த பதிவை உடனே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நூலகப் பதிவும் மேற்கோளும் வெவ்வேறு நோக்கத்துக்கு எழுதப்பட்டவை. பதிப்பாசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பங்கு என்ன என்ற குறிப்பை நூலகத்தில் விட்டிருந்தால், ஜோட்டெரோவில் அவர் நூலாசிரியர் கட்டத்திலோ பங்களிப்பாளர் கட்டத்திலோ வந்து விழுவார். வருடம் சதுர அடைப்புக்குள் இருக்கும், சில நேரம் மறுபதிப்பின் வருடமாக இருக்கும். நூலாசிரியர், பதிப்பாசிரியர், வருடம், பதிப்பகம் என்று நாலு கட்டத்தைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆய்வேடு முடிந்த பிறகு முந்நூறு பதிவில் இதைச் செய்வது நரகம்.

பெயர்களில் தமிழருக்கென்று ஒரு சிக்கல். ஜோட்டெரோ பெயரைக் குடும்பப்பெயர், முன்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கும். முதலெழுத்தும் பெயருமாக இருந்தால் முதலெழுத்து முன்பெயர்க் கட்டத்துக்குப் போவதே சரி. அப்போதுதான் பட்டியலில் பெயர் முதலிலும் எழுத்து பின்னாலும் வரும். துறவுப் பெயர், புனைபெயர், நிறுவனப் பெயர் போன்றவற்றைப் பிரிக்கவே கூடாது. பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறு பட்டனை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகும். இதைச் செய்யாமல் விட்டு, பல்கலைக்கழகத்தின் பெயர் தலைகீழாக அச்சான ஆய்வேடுகள் எத்தனையோ அலமாரியில் நிற்கின்றன.

இன்னொரு தமிழ்ச் சிக்கல் துணைநூற்பட்டியலில். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித்தனியே கேட்கும் துறைகள் உண்டு. ஜோட்டெரோ ஒரு ஆவணத்துக்கு ஒரே பட்டியல்தான் போடும். தமிழ்ப் பெயர்கள் ஒரே கூட்டமாக ஆங்கிலத்துக்குப் பின்னால் வரும் என்பதால் கடைசிக் கட்டத்தில் ஓரிடத்தில் வெட்டிப் பிரித்தால் போதும். வெட்டிய பிறகு அகரவரிசையைக் கண்ணால் ஓட்டுங்கள். யூனிகோடு எண் வரிசையில் ன, ற, ள, ழ ஆகியவை நம் நெடுங்கணக்கின் இடத்தில் இல்லை. இவை சொல்லின் முதலில் வராதவை என்பதால் பார்த்ததும் தெரியாது. மென்பொருள் எண் வரிசையைப் பின்பற்றியிருந்தால் இரண்டாம், மூன்றாம் எழுத்தில்தான் பிசகும்.

இந்த வெட்டும் வேலைக்கு முன் மேற்கோள்களின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால் திரும்ப ஒட்ட முடியாது. எனவே கோப்பின் நகலில்தான் துண்டிக்க வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது. அதற்கு முன்பு வரை திருத்தம் எல்லாம் ஜோட்டெரோவின் பதிவில் செய்து, வேர்டில் ‘புதுப்பி’ அழுத்துவதே முறை. வேர்டில் நேராக மேற்கோளைத் தட்டித் திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் அழிந்துவிடும், அல்லது அந்த மேற்கோள் இனிமேல் தானாகப் புதுப்பிக்கப்படாமல் உறைந்துவிடும்.

இடம் பற்றி: பதிவுகளை ஒத்திசைக்க வரம்பில்லை, கோப்புகளுக்கு இலவசம் 300 எம்பி மட்டும். ஸ்கேன் செய்த அத்தியாயம் ஒன்று 15 எம்பி என்றால் இருபதிலேயே நிறைந்துவிடும். இதற்குப் பயந்து ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையையே டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள் நகர்த்துகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாத காரியம். அந்தக் கோப்புறையில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. இரண்டு கணினியிலிருந்து அரைகுறையாக எழுதப்பட்டால் அது உடையும், மொத்தச் சேகரிப்பும் திறக்காமல் போகலாம். இடம் போதாவிட்டால் கோப்புகளுக்கு மட்டும் வெப்டேவ் என்ற வேறொரு இணையச் சேமிப்புச் சேவையை இணைக்கலாம், அல்லது கோப்பு ஒத்திசைவை அணைத்துவிட்டுப் பதிவுகளை மட்டும் ஒத்திசைக்கலாம். ஆய்வு மாணவர்களோடு குழு நூலகம் தொடங்கினால் கோப்புகளின் பளு குழுவைத் தொடங்கியவரின் 300 எம்பியில்தான் ஏறும். பல பேராசிரியர்களுக்குத் தங்கள் இடம் எங்கே போனது என்றே தெரிவதில்லை.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை அடையாளம் காட்டுவதற்காகவே ஒருவர் இதை நிறுவலாம். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு 2019இலிருந்து இணைந்திருப்பதால், சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் பதிவில் சிவப்புக் குறி விழும். வேர்டில் மேற்கோள் காட்டப் போனாலும் எச்சரிக்கும்.

மூன்றும் சேரும் இடத்தில் ஒரு விபத்து காத்திருக்கிறது. ப்ராக்ஸி வழியாகப் பதிப்பகத் தளத்துக்குள் போய், தேடல் முடிவில் கோப்புறைப் படத்தை அழுத்தி, ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ கொடுத்தால், ஜோட்டெரோ ஐம்பது பிடிஎஃப்பையும் அடுத்தடுத்து இழுக்கத் தொடங்கும். பதிப்பகத்தின் கண்காணிப்புக்கு அது எந்திரம் கொள்ளையடிப்பதுபோலத் தெரியும். அந்த ப்ராக்ஸி முகவரியை அவர்கள் அடைத்தால் ஒருவருக்கு மட்டும் அடைபடாது, வளாகத்துக்கு வெளியே இருக்கும் எல்லாருக்கும் சேர்ந்து அடைபடும். தேடல் முடிவிலிருந்து எடுக்கும்போது இணைக்கோப்பைத் தானாக இறக்கும் அமைப்பை அணைத்துவிட்டுப் பதிவுகளை மட்டும் எடுங்கள். தேவையான பத்தின் பிடிஎஃப்பைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும்.

யாருக்கு எது

பயிற்சி என்ற பெயரில் அரங்கத்தில் நூறு பேரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் திரையில் காட்டுவது யாருக்கும் ஒட்டுவதில்லை. பேராசிரியரின் சொந்தக் கணினியில், அவர் இப்போது எழுதும் கட்டுரையை வைத்து, நூலகர் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். பாடம் மட்டும் நடத்துபவருக்கு கோஹாவின் லிஸ்ட்டும் ஒதுக்கீடும் ப்ராக்ஸி முன்னொட்டும் போதும். ஜோட்டெரோவை அவர்மேல் திணிக்க வேண்டியதில்லை. ஆய்வேடு வழிகாட்டுபவர் ஜோட்டெரோவில் தொடங்கட்டும். கட்டுரை வெளியிடுபவர்கள் கூடவே ஆய்வாளரைத் தனியே அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணையும் எடுத்துக்கொள்வது நல்லது. 16 இலக்கம், கட்டணம் கிடையாது, 2012 முதல் இருக்கிறது. தந்தை பெயரின் எழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் ஓரிடத்தில் விரிந்தும் அச்சாகிக் கட்டுரைகள் மூன்று ஆள் பெயரில் சிதறிக் கிடப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பணி மாறும்போதோ ஓய்வு பெறும்போதோ பல்கலைக்கழக மின்னஞ்சல் நின்றுவிடும், அதோடு நூலகக் கணக்கும். ஜோட்டெரோ, ஆர்கிட் இரண்டிலும் சொந்த மின்னஞ்சலை இரண்டாவது முகவரியாக இப்போதே சேர்த்துவிடுங்கள். கோஹாவில் உள்ள லிஸ்ட்டுகளை ஆர்ஐஎஸ் கோப்பாக இறக்கி ஜோட்டெரோவில் ஏற்றிக்கொள்ளுங்கள், வாசிப்பு வரலாற்றையும் பிரவுசரிலிருந்து பிடிஎஃப்பாக அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். கணக்கு முடக்கப்பட்ட பிறகு லாகின் செய்து எதையும் எடுக்க முடியாது என்பதால், நிலுவையின்மைச் சான்றுக்குப் போவதற்கு முந்தைய வாரமே இதை முடித்துவிட வேண்டும்.